கூரை விளிம்பு ஹீட் கேபிள்: யாருக்கு உதவும், யாருக்கு வீண்செலவு

நவம்பர் பிறந்தால் ரொறன்ரோ, பிரம்டன் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கூரைக்கான ஹீட் கேபிள் (கூரை விளிம்பில் பூட்டும் சூடேறும் மின்கம்பி) பெட்டிகள் முன்வரிசைக்கு வந்துவிடும். ஈஸிஹீட் ஏடிகேஎஸ், ஃப்ராஸ்ட் கிங் ஆர்சி இரண்டும் ஒரே ரகம்: 120 வோல்ட் பிளக், அடிக்கு 5 வாட், 100 அடிக் கேபிள் 500 வாட். தன் வேலையைச் செய்யும் பொருள்தான். வாங்குகிறவர்கள் எதிர்பார்க்கும் வேலைதான் வேறு.

வீட்டுச் சூடு சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள அட்டிக்கில் ஏறிக் கூரைப் பலகையைச் சூடாக்குகிறது. ஸ்னோவின் அடிப்பக்கம் உருகி வழிகிறது. சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் விளிம்புக்கு அடியில் சூடு கிடையாது. அங்கே வந்ததும் தண்ணீர் உறைந்து வரம்பு கட்டிவிடும். பின்னால் தேங்கும் தண்ணீர் கூரையை மூடும் ஷிங்கிள் தகடுகளுக்கு அடியில் புகுந்து, கடைசியில் சீலிங்கில் மஞ்சள் கறையாகத் தெரியும். ஹீட் கேபிள் இந்த வரம்பை அழிப்பதில்லை. வயல் வரம்பை வெட்டி மடை திறப்பதுபோல, தண்ணீர் வெளியேற ஒரு வழி விடுகிறது. கூரை ஸ்னோ முழுவதும் உருகிவிடும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் நீளமும் பலரைக் குழப்புகிறது. கேபிளை முக்கோண முக்கோணமாக வளைத்துப் போடவேண்டும். முக்கோணத்தின் உச்சி வெளிச்சுவர்க் கோட்டுக்கு மேலே சுமார் 30 செ.மீ. போகவேண்டும், அதற்குக் குறைந்தால் ஐஸ் கேபிளுக்கு மேலே போய்க் கட்டும். அடிப்பாகம் 38 செ.மீ., உயரம் 60 செ.மீ. என்று வைத்தால், விளிம்பில் ஒரு மீற்றருக்கு 3.3 மீற்றர் கேபிள் செலவாகும். ஆறு மீற்றர் விளிம்புக்கு 20 மீற்றர், பீலிக்குள் ஆறு, கீழிறங்கும் குழாய்க்குள் மூன்று நான்கு என்று கூட்டினால் 100 அடிப் பெட்டி தீர்ந்துவிடும். அதாவது 100 அடிக் கேபிள் 20 அடி விளிம்புக்குத்தான் சரி.

குழாய்க்குள் போகும் கேபிள் அடிவாய் வரை போயே ஆகவேண்டும். பாதியில் நின்றால் உருகிய தண்ணீர் குழாயிலேயே உறைந்து அதைப் பிளந்துவிடும். இந்த ரகக் கேபிள் எங்கும் ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது. பட்ட இடத்தில் சூடு கூடி உறை கருகும். நீளம் அதிகம் என்று வெட்டவும் கூடாது. தன் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் செல்ஃப்-ரெகுலேட்டிங் ரகத்தில் இந்த அபாயம் குறைவு. விலை கூடுதலானாலும், இரண்டு சரிவுகள் கூடும் மடிப்புகள் நிறைந்த கூரைக்கு அதுவே நல்லது. கிளிப்பைச் செருக ஷிங்கிளைத் தூக்கவேண்டும். குளிரில் ஷிங்கிள் விறைத்து வெடிக்கும். ஆகவே ஒக்டோபரில் வெயில் நாள் பார்த்துப் பூட்டுங்கள். ஐஸ் கட்டிய பிறகு அதன்மேல் விரிப்பது வீண்.

மின்சாரப் பக்கம்: மின்கசிவு கண்டதும் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக் பொயின்ற் கட்டாயம், எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. தொடர்ந்து ஓடும் சுமை என்பதால் 15 ஆம்ப் லைனில் 1,440 வாட்டோடு நிறுத்தவேண்டும். இரண்டு 100 அடிக் கேபிள் தாங்கும், மூன்றாவது தாங்காது. ஜிஎஃப்சிஐ அடிக்கடி விழுந்தால் கேபிள் உறையைச் சோதியுங்கள். சாதாரணப் பொயின்ற்றுக்கு மாற்றிக் குத்துவது நெருப்போடு விளையாட்டு.

கூடவே விற்கும் குட்டித் தெர்மோஸ்டாட் பிளக் அவ்வளவு சிலாக்கியமில்லை. சுமார் 2 பாகையில் தொடங்கி 7 பாகையில் நிற்கும் ரகம் அது. ஸ்னோவே இல்லாத ஜனவரி நாளிலும், −20லும் ஓடிக்கொண்டே இருக்கும். 500 வாட் ஒரு நாள் முழுக்க ஓடினால் 12 யூனிட். கேபிள் நன்றாக வேலை செய்வது ஏறக்குறைய −10க்கும் +2க்கும் இடையில்தான். கூரையில் ஸ்னோ இருக்கும்போது மட்டும் கையால் போட்டு அணைப்பதே சிக்கனம்.

தனித்தட்டு வீடு என்றால் முதலில் கூரை ஸ்னோவை இழுத்துத் தள்ளும் ரூஃப் ரேக் வாங்குங்கள். ஆறு மீற்றர் அலுமினியத் தடி, பிளேட்டின் அடியில் சிறு சக்கரம் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஷிங்கிளின் மணல்பூச்சு உதிரும். ஸ்னோ 15 செ.மீ. சேர்ந்ததும் விளிம்பிலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்று மேல் வரை இழுத்துவிட்டால் போதும். தரையில் நின்றபடிதான், ஏணியில் ஏறியோ மின்கம்பிக்கு அருகிலோ வேண்டாம். இரண்டு தட்டு வீட்டுக்கு இந்தத் தடி எட்டாது. ஹீட் கேபிள் தன் விலைக்கு நியாயம் செய்வது அங்கேதான். அட்டிக்கே இல்லாத சாய்வு சீலிங், வடக்குப் பார்த்த மடிப்பு, முன்வாசல் போர்ச்சுக்கு மேலே உள்ள மூலை ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

மற்ற வீடுகளில் காசு அட்டிக்குக்குப் போகட்டும். ஸ்னோ விழுந்த மறுநாள் தெருவில் நின்று பாருங்கள். அக்கம்பக்கத்துக் கூரைகள் வெள்ளையாக இருக்க உங்கள் முகடு மட்டும் ஸ்னோ உருகிக் கறுத்திருந்தால் சூடு ஒழுகுகிறது என்று பொருள். ஒரே இடத்தில் நீளமான ஐஸ் ஈட்டி தொங்கினால் அதற்கு நேர்மேலே பாத்ரூம் ஃபேன் குழாய், சீலிங்கில் பதித்த பொட் லைட், அட்டிக் மூடி இவற்றில் ஏதோ ஒன்று காற்றை விடுகிறது. அந்த ஓட்டைகளை அடைத்த பிறகே இன்சுலேஷனை ஆர்-60க்கு (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு) உயர்த்துங்கள். கூரை விளிம்பின் அடிப்பக்கத்திலுள்ள சொஃபிட் காற்றுத் துவாரத்தை இன்சுலேஷன் மூடாமல் தடுப்பும் வேண்டும். அட்டிக்கில் ஆணி நுனிகள் பனிபூத்திருந்தால் ஈரக்காற்று ஏறுகிறது. குளிர் விட்டதும் அது சொட்டும்போது கூரை ஒழுகுகிறது என்று தப்பாக நினைப்பார்கள்.

ஷிங்கிள் மாற்றும் ஆண்டு என்றால் கேபிளை மறந்து, ஷிங்கிளுக்கு அடியில் ஒட்டும், தண்ணீர் புகாத மெம்ப்ரேன் விரிப்பைக் கேளுங்கள். ஒன்ராறியோ கட்டடச் சட்டப்படி அது விளிம்பிலிருந்து குறைந்தது 900 மி.மீ. போவதோடு, சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி இன்னும் 300 மி.மீ. போகவேண்டும். பல ரோல்களின் அகலம் 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. விளிம்பு 45 செ.மீ. நீண்டிருந்தால் சுவர்க் கனத்தையும் 30 செ.மீ.யையும் சேர்க்கும்போது ஒரு வரிசை பற்றாது. விலை கேட்கும்போதே இரண்டு வரிசை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேபிள் ஏற்கனவே பூட்டியவர்கள் ஏப்ரலில் பிளக்கைக் கழற்றி, கழன்ற கிளிப்புகளையும் உறையையும் ஒருமுறை பாருங்கள். உறை வெடித்திருந்தால் டேப் சுற்றாமல் முழுக் கேபிளையும் மாற்றவேண்டும்.