கும்பகோணத்தில் ஓர் அணியிலக்கண வகுப்பு

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கும்பகோணத்தில் தம் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மாலைகளில் நடத்தும், செய்யுளுக்கு அழகு தரும் அணிகளைப் பற்றிய அணியிலக்கண வகுப்புக்கு என் மகளை அழைத்துச் சென்று, எட்டு வாரமும் அவளோடு நானும் அமர்ந்து கேட்டேன். நான் படித்த நாளில் அணியிலக்கணம் என்பது விளக்கம், எடுத்துக்காட்டு, பொருத்தம், மதிப்பெண் என்ற அளவோடு நின்றது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளால் அழகு தரும் பொருளணிகளை 35 ஆக வகுத்திருப்பதால் மனப்பாடம் செய்யப் பெயர்களுக்கும் பஞ்சமில்லை. இந்த ஆசிரியையோ அணியின் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறார்.

முதல் இரண்டு வாரங்கள் உவமைக்கும் உருவகத்துக்குமே சென்றன. மலர் போன்ற முகம் என்று விரியும் மலர்முகம் உவமை, முகமே மலர் என்று விரியும் முகமலர் உருவகம் என்பது யாவரும் அறிந்ததே. அவர் அங்கே நிற்காமல், சிலப்பதிகாரத்தின் கானல் வரியில் காவிரியைப் பாடும் ‘கருங்கயற்கண் விழித்தொல்கி நடந்தாய்’ என்ற அடியை எடுத்துக்கொண்டு, கயற்கண் என்பதை எப்படி விரிப்பீர்கள் என்று கேட்டார். ஒரு பெண்ணைப் பாடினால் அது கயல்மீன் போன்ற கண். இங்கே பூவாடை போர்த்து நடப்பவள் ஆறு, அவளுடைய நீரில் கயல் மெய்யாகவே துள்ளுகிறது, ஆகவே கயலே கண்ணாகிவிடுகிறது என்று அவர் விளக்கியபோது, பல ஆண்டுகளாக நான் வாயால் மட்டும் சொல்லிவந்த வரி எனக்கு அன்றுதான் கண்முன் விரிந்தது.

ஆடிப்பெருக்குக்கு முந்திய வாரம் வகுப்பு படித்துறையில் நடந்தது. மேட்டூர்த் தண்ணீர் வந்து கீழ்ப்படிகள் மூழ்கியிருந்தன. எதிர்க்கரை நாணல் காற்றில் சாய்வதைக் காட்டி, “இது இயல்பு, இதன்மேல் உங்கள் குறிப்பை ஏற்றுங்கள்” என்றார். “வந்த தண்ணியைக் கும்பிடுது டீச்சர்” என்றான் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன். அதுவே தற்குறிப்பேற்றம் என்று சொல்லிவிட்டு, மதுரையின் மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று மறித்துக் கைகாட்டிய சிலப்பதிகாரக் காட்சிக்கு அவர் சென்றபோது, பிள்ளைகள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள்.

குறைகளும் உண்டு. சொல்லின் அமைப்பால் அழகு தரும் சொல்லணிகளை ஒரே மாலையில் முடித்தது போதவில்லை. வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தரும் மடக்கு, நின்று நிதானமாகச் சுவைக்க வேண்டிய பகுதி. அச்சிட்ட குறிப்பேட்டில், சொற்களை வரிசையாக நிறுத்தி அதே வரிசையில் பொருள்கொள்ளும் நிரல்நிறை அணிக்குரிய ‘அன்பும் அறனும் உடைத்தாயின்’ குறள் உவமையணியின்கீழ் இடம்பெற்றிருந்தது. சுட்டிக்காட்டியதும் எல்லாப் படிகளையும் வாங்கிப் பேனாவால் தம் கையாலேயே திருத்திக் கொடுத்தார்.

எட்டு வாரத்துக்கு 800 ரூபாய் கட்டணம் மிகையில்லை. தைக்குப் பிறகு தொடங்கும் அடுத்த சுற்றில் மடக்குக்கு மட்டும் இரண்டு மாலைகள் ஒதுக்கக் கேட்டிருக்கிறேன்; அதற்கும் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டோம்.