பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் கோப்பு: தகவல் அறியும் உரிமைச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

அரசு தன் அலமாரிக்குள் வைத்திருக்கும் காகிதத்தைக் குடிமக்கள் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சட்டம் என்ற முறையில் அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஒரு சேவையாகவே பார்க்கிறேன். ஏனெனில் அதற்குக் கட்டணம் உண்டு, கெடு உண்டு, முறையிட இரண்டு படிகள் உண்டு, சேவை தவறினால் அபராதமும் உண்டு. 6 ஆண்டுகளில் 14 மனுக்கள் அனுப்பிய ஒருவனின் மதிப்பீடு இது. முதல் கவுன்ட்டரில் இச்சேவை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. கடைசிக் கவுன்ட்டரில் மட்டும் கடிகாரமே மாட்டப்படவில்லை.

கட்டணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மத்திய அரசின் விதிகளின்படி மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. மாநிலங்கள் தத்தமக்கென விதிகளை வகுத்திருப்பதால் பணம் செலுத்தும் முறை இடத்துக்கு இடம் மாறும். இதை முன்னதாகப் பார்த்துக்கொள்ளாததால், அஞ்சலாணையை யார் பெயருக்கு எடுப்பது என்பதில் தவறிய என் முதல் மனு 12 நாள் கழித்து என்னிடமே திரும்பி வந்தது. மற்றபடி வக்கீல் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தில் வடிக்க, மனுக்களுக்குப் பதில் தரும் பொறுப்புள்ள பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும். மனு வேறு அலுவலகத்தைச் சேர்ந்ததென்றால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். எழுத்தில் இருப்பதெல்லாம் நடக்கிறதா என்றால், மாற்றி அனுப்புவது மட்டும் மிக வேகமாக நடக்கிறது. பதில் சொல்ல விரும்பாத அலுவலகத்துக்கு அந்த ஏற்பாடு ஒரு வரப்பிரசாதம்.

இச்சேவையின் மிகச் சிறந்த அம்சம் 6(2) பிரிவு: தகவல் எதற்காக வேண்டும் என்று மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. ஓர் அலுவலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசியில் அழைத்து, மிகுந்த மரியாதையோடு, "சார், இதையெல்லாம் வாங்கி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்குச் சட்டம் தந்திருக்கும் உரிமையை அன்றுதான் முழுமையாக அனுபவித்தேன். இந்த நுட்பம் பெரியவர்களுக்கே ஒருமுறை நழுவியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ஒரு தீர்ப்பில் மனுதாரர் காரணம் காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டு, அந்தப் பிரிவு கவனத்துக்கு வராமல் போனதை உணர்ந்து, சில நாள்களிலேயே அந்தப் பகுதியைத் தானாக நீக்கிக்கொண்டது.

ஆனால் இச்சேவையில் காகிதம்தான் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. "எங்கள் தெருவில் ஏன் வடிகால் பாதியில் நிற்கிறது?" என்று கேட்டால், அப்படியொரு ஆவணம் இல்லை என்று ஒருவரிப் பதில் வரும், பதில் சொன்னவர் மீது பிழையும் இல்லை. இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டிய கடமை அலுவலகத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல், தேர்வர் தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்த அதே வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே, 'ஏன்' என்று கேட்காமல், 'பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் (முடிந்த வேலையை அளந்து பதியும் ஏடு) தொடர்புடைய பக்கங்கள்' என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அது பிடிபட நான்கு மனுக்கள் வீணாயின.

நகலைவிடவும் பயனுள்ளதாக நான் கண்டது கோப்பை நேரில் பார்வையிடும் வசதி. 2(j) பிரிவு ஆவணங்களைப் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், சான்றிட்ட நகல் பெறவும், பணி நடக்கும் இடத்தையே பார்க்கவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. (நெகிழ்வட்டில் தகவல் பெறும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது, நான் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.) மேலே சொன்ன வடிகாலுக்காக, பெயர் சொல்ல விரும்பாத ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு பிற்பகல் எனக்கு நேரம் ஒதுக்கினார்கள். நாடா கட்டிய கோப்பை ஓர் இளநிலை உதவியாளர் மேசையில் வைத்துவிட்டு, நான் எதையும் உருவிவிடாதபடி எதிரிலேயே அமர்ந்துகொண்டார். அவர்கள் பேச்சில் 'எம்-புக்' எனப்படும் அளவுப் புத்தகத்தில், தெருவின் முழு நீளத்துக்கும் கான்கிரீட் சிலாப் போட்டாயிற்று என்று எழுதி, அளந்தவரும் சரிபார்த்தவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். தெருவின் கிழக்குக் கோடியில் 31 மீட்டருக்கு வடிகால் திறந்தே கிடந்ததை நான் நாள்தோறும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அதைவிட விசித்திரமான ஒன்று பக்கத்தின் இடது ஓரத்தில் இருந்தது: அளவெடுத்த தேதி, பணி ஆணை வழங்கிய தேதிக்கு 9 நாள் முந்தையது. தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோன வேலை! இதை எந்தக் கேள்வியாலும் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் கண்ணில் பட்டது.

இப்படிப் பதிவேட்டையும் தெருவையும் ஒப்பிடும் வழக்கத்திலிருந்துதான் இந்தச் சட்டமே பிறந்தது. ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் கிராமத்துத் தொழிலாளர்களும் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர் பெயரும் கூலியும் எழுதும் பதிவேட்டைக் கேட்டுப் போராடியது. 1994இலிருந்து அது நடத்திய பொது விசாரணைகளில் ஆவணங்களை மக்கள் முன் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலியும், கட்டாத கட்டடத்துக்குச் செலவுப் பட்டியலும் வெளிப்பட்டன. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற அவர்களின் முழக்கத்தில் கொள்கை விளக்கம் எதுவும் இல்லை, கூலிக்காரனின் கணக்குப் பேச்சு மட்டுமே இருக்கிறது. இடையில் 1997இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் சட்டம் இயற்றியது. விலக்குகள் நீண்டிருந்ததால் பயன் குறைவாகவே இருந்தது. 2002இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரண்டு தோல்விகளிலிருந்தும் பாடம் கற்றது.

கருத்துரிமைக்கும் ஓர் அளவுப் புத்தகத்துக்கும் என்ன தொடர்பு என்று என் மகள் கேட்டாள். அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. தெரிந்துகொள்ளும் உரிமையையும் நீதிமன்றங்கள் அதற்குள்ளேயே கண்டிருக்கின்றன. பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய ஒரு கையேட்டை வெளியிட மறுத்ததைப் பற்றிய 1975ஆம் ஆண்டு ராஜ் நாராயண் வழக்கில், பொது ஊழியர்கள் பொதுப் பணியில் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி கே.கே. மாத்யூ எழுதினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2024 பிப்ரவரி 15 அன்று, கட்சிகளுக்குப் பெயர் வெளிப்படாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக ரத்து செய்ததும் வாக்காளரின் தகவல் உரிமையை முன்னிறுத்தித்தான். நன்கொடை விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட, அந்தப் பத்திரங்களை விற்ற பாரத ஸ்டேட் வங்கிக்கு, மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுநாள் அலுவல் நேரம் வரைதான் கொடுத்தது. தகவல் வந்தும் விட்டது. மாதக்கணக்காகும் என்ற வேலை ஒரே நாளில் முடிந்த அந்தக் காட்சி, அரசு அலுவலகத்தில் கோப்பைத் தேட ஆகும் நேரம் எதைப் பொறுத்தது என்பதைப் பிட்டு வைத்தது.

என் அளவில், எதிர்ப்புக் குரல் எடுபடுவதும் எடுபடாததும் கையில் தாள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே இருந்தது. வடிகாலைப் பற்றி இரண்டு ஆண்டுகள் கூட்டங்களில் பேசியபோது நான் வம்புக்காரன். 'உண்மை நகல்' என்ற முத்திரையுடன் இரண்டு பக்கங்களை எடுத்து நீட்டிய நாளில், முதன்முறையாக யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

இனி கெடுவுக்கு வருவோம். சாதாரணமாக 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இது வரைக்கும் சேவை செம்மையாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது, என் மனுக்களில் மூன்றுக்கு முதல் மேல்முறையீடே போதுமானதாக இருந்தது. அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். ஆணையம் எத்தனை நாளில் தீர்க்க வேண்டும்? சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று தவறிய அலுவலருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்திடம்தான் இருக்கிறது என்பதால், மனு அங்கே உறங்கும் வரை அபராதமும் உறங்குகிறது. 2024இல் நாடெங்கும் ஆணையங்களில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளும் புகார்களும் தேங்கியிருந்தன. ஜார்க்கண்டில் 2020 மே மாதத்துக்குப் பின் பல ஆண்டுகள் ஆணையர் என்று ஒருவருமே இல்லை. போதாக்குறைக்கு, ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கும்படி 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, 5 ஆண்டாக இருந்த பதவிக்காலம் விதிகளில் 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. புகாரை விசாரிப்பவரின் சம்பளத்தைப் புகாருக்கு உள்ளானவர் நிர்ணயிக்கும் எந்தச் சேவையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலக்குகளில் பெரும்பாலானவை நியாயமானவை: நாட்டின் பாதுகாப்பு, நடந்துகொண்டிருக்கும் புலனாய்வு, வணிக ரகசியம் முதலியன. எனக்கு மனத்தாங்கல் 8(1)(j) மீதுதான். தனிநபர் தகவலை மறுக்கும் அந்த உட்பிரிவில் முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பற்றதாகவோ அந்தரங்கத்தில் அநாவசியமாகத் தலையிடுவதாகவோ இருந்தால் மட்டுமே மறுக்கலாம் என்ற அளவுகோல் இருந்தது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த அளவுகோலை எடுத்துவிட்டு, 'தனிநபர் தொடர்பான தகவல்' என்று மட்டும் விட்டிருக்கிறது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒப்பந்ததாரர் பெயரும் தனிநபர் தகவல், அளவெடுத்த பொறியாளர் பெயரும் தனிநபர் தகவல் என்று ஓர் அலுவலர் எடுத்துக்கொண்டால், மஸ்டர் ரோலில் மிஞ்சுவது கோடுகள் மட்டும்தான். பொதுநலன் மேலோங்கினால் விலக்கப்பட்டதையும் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. அதை மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தை 2008இலும், மத்தியப் புலனாய்வுத் துறையை 2011இலும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே எடுத்துவைத்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்தப் பட்டியலில் உள்ள அமைப்புகளிடமும் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு பற்றிய தகவலைக் கேட்கலாம் என்பது அந்த விலக்கைத் தரும் 24ஆம் பிரிவிலேயே இருப்பது பலருக்கும் தெரிவதில்லை.

கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்கள் என்று 4ஆம் பிரிவு 17 தலைப்புகளைச் சொல்கிறது. நான் பார்த்த அலுவலகப் பலகையில் பொதுத் தகவல் அலுவலர் என்றிருந்தவர் ஓய்வு பெற்று மூன்றாண்டு ஆகியிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பாதுகாப்பு குறித்து எச்சரிக்காமல் இந்தச் சேவையைப் பரிந்துரைப்பது சரியல்ல. நில மோசடிகளைத் தகவல் மனுக்கள் வழியே வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் புனே அருகேயுள்ள தளேகாவிலும், சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா அதே ஆண்டு ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலும் கொல்லப்பட்டார்கள். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் ஒரு சட்டம் நிறைவேறி, நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. மணல், நிலம், பெரிய ஒப்பந்தம் போன்றவற்றில் கை வைப்பவர்கள் வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுக்கலாம். அது போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் கூறியிருக்கிறது. கூடுமானால் தனியாகவும் கேட்காதீர்கள், நான்கு பேர் நான்கு மனுக்களாகக் கேளுங்கள்.

எங்கள் வடிகாலின் 31 மீட்டருக்கும் அந்தக் கூட்டம் நடந்த மூன்றாம் வாரத்தில் சிலாப் வந்துவிட்டது, இரவில் இறக்கினார்கள். தேதி முரண்பாட்டைப் பற்றி மட்டும் இன்றுவரை எவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே அந்த முரண்பாட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகலைக் கேட்டேன், 30 நாள் கடந்தது, மேல்முறையீடு செய்தேன். வரும் வியாழக்கிழமையோடு 45 நாள் நிறைகிறது. இரண்டாம் மேல்முறையீட்டை எழுதி, தேதியை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.