சுமித்ரயோவில் ஒரு மணி நேரம்

அம்மாவுக்கு வலி நிவாரணியான மோர்பின் கொடுத்த நேரங்களைக் குறிக்கும் கொப்பியில் ஒரே வேளையை இரு தடவை எழுதியிருந்ததைக் கண்ட அன்றுதான், எட்டு மாதங்களாகக் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அவரைப் பராமரித்துவரும் எனக்கும் உதவி தேவை என்பதை ஒப்புக்கொண்டேன். முதலில் சென்ற ஒரு தனியார் மருத்துவமனையின் உளவளத்துணைப் பிரிவில், கட்டணச் சீட்டை நீட்டி, பதினைந்து நிமிடங்களில் அறிவுரையுடன் அனுப்பிவிட்டார்கள்.

1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோவின் ஹோர்ட்டன் பிளேஸ் நிலையத்துக்கு, அது தற்கொலைத் தடுப்புக்கான அமைப்பாயிற்றே என்று தயங்கியபடியே சென்றேன். ஆனால் மனச்சுமை எதுவாயினும் அங்கே செவிமடுக்கிறார்கள், கட்டணம் இல்லை, சொல்வது வெளியே போகாது. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டால் நல்லது என்று சில இரவுகளில் எண்ணியதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னபோது, எதிரே அமர்ந்திருந்த தொண்டர் திடுக்கிடவும் இல்லை, தேற்ற விரையவும் இல்லை, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "அந்த இரவுகளில் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்களேயன்றி மருத்துவர்கள் அல்லர் என்பதால், வலி நிவாரணம் பற்றி விடை எதிர்பார்த்துப் போகக்கூடாது. நோயாளியை விட்டு வர இயலாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை நள்ளிரவிலும் அழைக்கலாம். நான் அடுத்த செவ்வாய்க்கிழமையும் போகிறேன். அந்த நேரத்தில் அம்மாவுடன் இருக்கப் பக்கத்து வீட்டு அன்ரி சம்மதித்திருக்கிறார்.