மரத்தரையில் டிரெட்மில்: ஃபோமா, ரப்பரா?

குன்னூரில் எங்கள் வீட்டு மாடி முழுக்கப் பழைய பலகைத் தரை. டிரெட்மில் வந்ததும் முதலில் விரித்தது, ஒன்றோடொன்று கோத்துப் போடும் ஈவிஏ ஃபோம் பாய். விலை குறைவு, காலுக்கு மெத்தென்று இருக்கும், கத்தியாலேயே வெட்டலாம். யோகாவுக்குச் சரி. கனமான இயந்திரத்துக்கு ஆகாது. ஒரே மாதத்தில் நான்கு மூலையும் கிண்ணம் போலக் குழிந்து, ஓடும்போது டிரெட்மில்லே ஆட ஆரம்பித்தது.

அப்புறம் 8 மில்லிமீட்டர் ரப்பர் பாய். அந்தச் சுருளை மாடியேற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. டயர்க்கடை வாசம் போக ஒரு வாரம். ஆனால் அமுங்கவில்லை. கீழே தூங்கும் அத்தையும் திட்டுவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு சிக்கல்: ரப்பரில் கலந்திருக்கும் சில ரசாயனங்கள் வார்னிஷில் இறங்கிப் பழுப்புக் கறை விடும், தேய்த்தாலும் போகாது. அதனால் இடையில் பிளைவுட் போட்டிருக்கிறேன்.

எதைப் போட்டாலும் ஐப்பசி மழையில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நான் பார்த்தபோது தரை ஈரம் கோத்து, ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. இப்போது வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துக் காயவிடுகிறேன்.