உப்புத் தண்ணியா, சிலிக்கானா?

அண்ணன் மகன் புதுச்சேரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். போன ஞாயிறு கடலூர் ஓ.டி. வீட்டுக்கு வந்தவன், "சித்தப்பா, உப்புத் தண்ணியில மூளை மாதிரி சர்க்யூட் பண்றாங்களாமே, ப்ராஜெக்டுக்கு அதை எடுக்கட்டுமா, வழக்கமான சிப்பே போதுமா?" என்றான்.

மூளை சுமார் 20 வாட்டில் ஓடுகிறது. சிலிக்கான், தண்ணீர் என்ற இரண்டு கட்சிக்கும் ஆசை அந்தச் சிக்கனத்தின் மேல்தான்.

சிலிக்கான் கட்சியில், மூளையைப் பார்த்துச் செய்த ஐபிஎம்மின் ட்ரூநார்த் சிப் (2014) நல்ல சாட்சி. 540 கோடி டிரான்சிஸ்டர், 10 லட்சம் செயற்கை நியூரான் (மூளைச் செல் மாதிரி), செலவு ஏறக்குறைய 70 மில்லிவாட். ஓட்டிக் காட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் பேச்சு.

தண்ணீர்க் கட்சியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2024-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் தென்கொரியாவின் சோகாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது, கூம்பாகக் குறுகும் ஒரு நுண்வாய்க்கால். உள்ளே நெருக்கி அடைத்த நுண்மணிகள். சந்துகளில் உப்பு நீர். மின்னழுத்தத்தை ஒரு பக்கமாகக் கொடுத்தால் அயனிகள் சேர்ந்து கடத்துதிறன் கூடும், திருப்பிக் கொடுத்தால் குறையும். நிறுத்தியதும் உடனே மறக்காது. நம் உப்பனாற்றில் ஓதம் வடிந்த பிறகும் கரிப்பு கொஞ்ச நேரம் நிற்குமே, அப்படி. மறக்கும் நேரம் வாய்க்கால் நீளத்தின் வர்க்கக் கணக்கு: நீளம் பாதியானால் நேரம் கால்.

சிலிக்கான் நானோசெகண்டில் முடிப்பதை அயனி மில்லிசெகண்ட், சில சமயம் செகண்ட் எடுத்துச் செய்யும். இதைக் குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அரைக்குறைதான். இதயத் துடிப்பும் அதே வேகத்தில்தானே வருகிறது? அத்தனை மெதுவான சிக்னலை அனலாக் சிலிக்கானில் பிடித்து வைக்கப் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் பெரிதாக வேண்டும். இங்கே வாய்க்காலை நீட்டினால் போச்சு.

ஆனால் மின்சாரச் சிக்கனம் என்ற பேச்சில்தான் எனக்கு இடிக்கிறது. அந்த ஆய்வில் வாய்க்கால் எண்களின் வடிவத்தைப் பிரித்துக் காட்டியது. இது எந்த எண் என்று கடைசியில் சொன்னது கம்ப்யூட்டர். அந்தக் கரண்ட்டையும் சேர்க்காமல் நெய்வேலிக்கு லீவு விட முடியாது. லட்சம் வாய்க்காலை ஒன்றோடொன்று இணைப்பது தனித் தலைவலி.

"வேலை செய்ற டெமோ வேணும்னா சிலிக்கான். எனக்குப் பிடிச்சது தண்ணி. எடுத்தா ஒரே வாய்க்கால் எடு, ஒழுங்கா அள."

"தண்ணி காஞ்சு போனா சித்தப்பா?"

"எத்தனை மணி நேரத்துல காயுதுன்னு அதையும் எழுது."