ஆள் பஞ்சமா, நாள் பஞ்சமா? ரிசர்வ் சிறப்புப் படைகளைப் பெருக்க மூன்று நாடுகள் பிடித்த மூன்று வழிகள்

திங்கள் முதல் வெள்ளி வரை தீயணைப்பு நிலையத்திலோ வங்கிக் கிளையிலோ வேலை பார்க்கும் ஒருவரை, போர் மூண்டால் எதிரியின் பகுதிக்குள் பாராசூட்டில் இறக்கிவிடத்தக்க வீரராகவும் வைத்திருக்க முடியுமா? முடியும் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பின்லாந்தும் பல பத்தாண்டுகளாகச் செய்து காட்டிவருகின்றன. ஆனால் மூன்றும் வெவ்வேறு வாசல் வழியாக ஆள் எடுக்கின்றன. கொடுக்கும் விலையும் வேறு வேறு. ரிசர்வ் எனப்படும் இத்தகைய பகுதிநேரப் படைப்பிரிவுகளைப் பெரிதாக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் விளம்பரம், ஊக்கத்தொகை, உடல்தகுதி என்றே விவாதம் சுற்றிவருகிறது. மூன்று முறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குறுக்கே நிற்பது ஆள் பஞ்சத்தைவிட நாள் பஞ்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க ராணுவத்தின் ஓய்வுபெற்ற கர்னல் ஜான் காலின்ஸ் 1980களின் இறுதியில் சிறப்புப் படைகளுக்கென்று சில விதிகளை எழுதிவைத்தார். இன்றும் அந்தத் துறையில் வேதம்போல் ஓதப்படுபவை அவை. சிறப்புப் படையினரைத் தொழிற்சாலைப் பொருள்போல் மொத்தமாக உற்பத்தி செய்ய முடியாது என்பது அவற்றுள் ஒன்று. நெருக்கடி வந்து நின்ற பிறகு தேர்ந்த படையினரை உருவாக்க முடியாது என்பது இன்னொன்று. இரண்டாவது விதி உண்மையானால், தேவைக்கு முன்பே ரிசர்வில் ஆட்களைச் சேர்த்துவைத்தாக வேண்டும். முதல் விதி உண்மையானால், அப்படிச் சேர்ப்பதில் அவசரம் காட்டக்கூடாது. ரிசர்வ் பிரிவை விரிவாக்க நினைக்கும் எந்த நாடும் இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில்தான் வழி தேட வேண்டியிருக்கிறது.

அமெரிக்கத் தரைப்படையில் 'கிரீன் பெரே' என்று அழைக்கப்படும் சிறப்புப் படைக் குழுமங்கள் ஏழு. அவற்றுள் ஐந்து முழுநேரப் படையைச் சேர்ந்தவை. மீதமுள்ள இரண்டும், அதாவது யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட 19-ஆவது குழுமமும் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 20-ஆவது குழுமமும், நேஷனல் கார்டு எனப்படும் மாநிலக் காவல் படையைச் சேர்ந்தவை. இந்த இரண்டிலும் சேர்பவருக்குத் தனியான, சுருக்கமான, வார இறுதிப் பயிற்சி என்று எதுவும் கிடையாது. முழுநேர வீரர் செல்லும் அதே வட கரோலைனா முகாமுக்குத்தான் இவரும் செல்ல வேண்டும்; சுமார் மூன்று வாரத் தேர்வு முகாமில் அதே சுமையைத் தூக்கி நடக்க வேண்டும்; அதன்பின் ஓராண்டுக்குக் குறையாமல், மருத்துவப் பிரிவென்றால் அதைவிட வெகு நீண்ட காலம், அதே பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். 'பைன்லேண்ட்' என்ற கற்பனை நாட்டுக்குள் ஊடுருவிக் கிளர்ச்சிப் படையைத் திரட்டும் இறுதிப் பயிற்சியில், யார் முழுநேரம், யார் ரிசர்வ் என்ற வேறுபாடே இருக்காது.

ஆனால் அங்கே அனுப்புவதற்கு முன் நேஷனல் கார்டு தன் சொந்தச் சல்லடையில் ஒருமுறை சலித்துவிடுகிறது. இரு குழுமங்களும் சொந்த இடத்திலேயே வார இறுதித் தகுதிப் பார்வை முகாம்களை நடத்துகின்றன. வேறு பிரிவுகளில் பணியாற்றும் வீரர், பணியை விட்டு வெளியே வந்த முன்னாள் வீரர், ராணுவ வாசமே அறியாத இளைஞர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். தண்டால், ஓட்டம், முதுகுச் சுமையுடன் நெடுநடை, வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் கையில் கொடுத்துக் காட்டுக்குள் இலக்கைக் கண்டுபிடிக்கச் சொல்வது என்று போகும் அந்த இரண்டு மூன்று நாட்களில், நடக்கத் தெரிந்தவர் யார், தனியாக விட்டால் தடுமாறாதவர் யார் என்பது தெரிந்துவிடும். விளம்பரத்துக்கு ஆகும் செலவைவிட இந்த முகாமுக்கு ஆகும் செலவு பயனுள்ளது என்பது என் கருத்து. தோற்றுப்போகிறவர் தன் ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரு வார இறுதியிலேயே தோற்றுப்போகிறார்; வேலையை விட்டு மாதக்கணக்கில் அலைந்தபின் தோற்கவில்லை.

இந்த முறையின் விலை எங்கே தெரிகிறதென்றால், பயிற்சி முடிந்த பிறகு. நேஷனல் கார்டு வீரரின் ஆண்டுக் கணக்கு மாதம் ஒரு வார இறுதியும் கோடையில் 15 நாள் முகாமும். கூட்டிப் பார்த்தால் 39 நாள். இந்த 39 நாளுக்குள் துப்பாக்கிப் பயிற்சி, வெடிபொருள், வானொலித் தொடர்பு, அயல்மொழி, மருத்துவச் சான்றிதழ் புதுப்பித்தல், நிர்வாகக் காகிதங்கள் அனைத்தும் அடங்க வேண்டும். பாராசூட் குதிப்புக்குத் தரும் கூடுதல் சம்பளப் படியைத் தக்கவைக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது குதித்தாக வேண்டும். குதிப்பு என்று திட்டமிட்ட சனிக்கிழமையில் காற்று அதிகமாக வீசினால் அன்றைய நாள் விமானத் தளத்திலேயே உட்கார்ந்து கழிந்துவிடும். முழுநேரப் பிரிவென்றால் மறுநாள் குதித்துக்கொள்ளலாம், இங்கே அடுத்த மாதம்தான். 12 பேர் கொண்ட அணியில் ஆயுதம், பொறியியல், மருத்துவம், தொடர்பு என ஒவ்வொரு துறைக்கும் இரண்டிரண்டு பேர் இருப்பது ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் ஈடுகட்டுவதற்காக. ரிசர்வ் அணியில் அந்த இரண்டாமவர் அதே வார இறுதியில் தன் அலுவலகத்தில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த அலுவலகம் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் காவல் நிற்கிறது. பதவி உயர்வில் மெல்ல ஓரங்கட்டப்படுவதை எந்தச் சட்டத்தாலும் முழுக்கத் தடுக்க முடியாது.

அமெரிக்காவே ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய ரிசர்வ் அமைப்பை வைத்திருந்தது என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. மத்திய அரசின் நேரடிக் கட்டுப்பாட்டிலுள்ள ராணுவ ரிசர்வில் 11, 12 என்று இன்னும் இரண்டு குழுமங்கள் இருந்தன. பனிப்போர் முடிந்த பின் 1990களின் நடுவில் அவற்றைக் கலைத்துவிட்டு, நேஷனல் கார்டின் இரண்டையும் மட்டும் விட்டுவைத்தார்கள். மாநில ஆளுநரின் கீழ் உள்ள படைக்கு மாநில அரசியலின் ஆதரவு உண்டு. வெள்ளத்துக்கும் புயலுக்கும் கூப்பிடலாம். அதே காரணத்தால் அதன் ஆள்வளம் சிதறிக் கிடக்கிறது: ஒரே குழுமத்தின் கம்பெனிகள் எனப்படும் உட்பிரிவுகள் பல மாநிலங்களில் பரவியிருக்க, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும் வீரர் மாறுதலுக்கான காகித வேலைகளில் சிக்கிக்கொள்கிறார். கலைத்தது பிழை என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் 2001-க்குப் பின் நேஷனல் கார்டின் இரு குழுமங்களும் ஆப்கானிஸ்தானுக்கு அழைக்கப்பட்டபோது, பக்கத்தில் தோள் கொடுக்க இருந்திருக்க வேண்டிய இரண்டு குழுமங்கள் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இல்லாமல் போயிருந்தன. காலின்ஸின் இரண்டாவது விதிக்கு இதைவிடத் தெளிவான உரை தேவையில்லை.

பிரிட்டனின் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1945-ல் பிரிட்டன் தரைப்படையின் சிறப்புப் படைப்பிரிவான எஸ்.ஏ.எஸ். கலைக்கப்பட்டது. 1947-ல் அது மீண்டும் உயிர்பெற்றபோது பகுதிநேரத் தொண்டர் பிரிவாகவே, 21 எஸ்.ஏ.எஸ். என்ற பெயரில், உயிர்பெற்றது. இன்று உலகமே பேசும் முழுநேர 22 எஸ்.ஏ.எஸ். அதற்கு ஐந்து ஆண்டுகள் இளையது. கொரியாவுக்குப் புறப்பட இருந்த 21-இன் தொண்டர்கள் மலாயாக் காட்டுக்குத் திருப்பிவிடப்பட்டு, அங்கே பிரிட்டன் ராணுவ அதிகாரி மைக் கால்வர்ட் திரட்டிய பிரிவுடன் சேர்ந்ததிலிருந்துதான் அது முளைத்தது. 1959-ல் 23 எஸ்.ஏ.எஸ். வந்தது. 21-க்கு லண்டன், 23-க்கு பர்மிங்ஹாம் தலைமையிடம். பெயரில் ஒற்றுமை இருப்பதால், அமெரிக்காவின் அலபாமா பர்மிங்ஹாமுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கே வாசல் வேறு விதமாக அமைந்திருக்கிறது. அமெரிக்க ரிசர்வ் வீரர் ஓராண்டு, ஈராண்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முழுநேரப் பயிற்சிக்குப் போகிறார். பிரிட்டனின் ரிசர்வ் வீரரோ வேலையில் இருந்தபடியே மாதக்கணக்கில் வார இறுதிகளில் மலையேறி, கடைசியில் விடுப்பெடுத்துக்கொண்டு தென் வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் நடக்கும் சோதனை வாரத்துக்கு வருகிறார். ராணுவ அனுபவமே இல்லாத குடிமக்களையும் இவை நீண்டகாலமாக ஏற்றுவந்திருக்கின்றன. வேலையை இழக்காமல் சேரலாம் என்பதால் வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர் போன்றோர் வருவதற்கு இம்முறையே வசதி. ஆனால் மலை வார இறுதிக்காரர், முழுநேரக்காரர் என்று பார்ப்பதில்லை.

2013 ஜூலையில், வெப்பம் 30 டிகிரியை நெருங்கிய ஒரு நாளில், முழுநேர வீரர்களும் ரிசர்வ் வீரர்களும் சேர்ந்து அந்த மலைகளில் 16 மைல் தேர்வு நடையில் இறங்கினார்கள். வெப்பத் தாக்கத்தால் மூன்று ரிசர்வ் வீரர்கள் இறந்தார்கள். நடையை நடத்தியவர்களின் கவனக்குறைவும் அந்த மரணங்களுக்குக் காரணமாயிற்று என்று 2015-ல் மரண விசாரணை முடிவு சொன்னது. எனக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. தரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரே தரத்துக்கு வருவதற்கு ஒருவருக்குக் கொடுத்த நாட்களும் மற்றவருக்குக் கொடுத்த நாட்களும் ஒன்றல்ல. வாரம் முழுவதும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தவரின் உடல் வெயிலுக்குப் பழகியிருக்காது என்பதைக் கணக்கில் எடுக்காத சோதனை, தகுதியை மட்டும் அளப்பதாகச் சொல்ல முடியாது. ஆள் சேர்ப்பை வேகப்படுத்தச் சொல்லும் அதிகாரிகள் முதலில் அந்த விசாரணையின் முடிவுகளைப் படிக்க வேண்டும்.

பணியிலும் பிரிட்டன் ரிசர்வைக் குறுகிய வேலைக்கே வைத்தது. பனிப்போரில் 21-க்கும் 23-க்கும் இட்ட வேலை, சோவியத் படை மேற்கு ஜெர்மனிக்குள் முன்னேறினால் பின்வாங்காமல் மண்ணுக்கடியில் பதுங்கியிருந்து, கடந்துபோகும் டாங்கிகளை எண்ணிச் செய்தி அனுப்புவது. அமெரிக்க அணி கற்க வேண்டிய அயல்மொழியும் கிளர்ச்சிப் படைத் திரட்டலும் இதில் இல்லை. பொறுமையும், மறைந்திருக்கும் திறனும், வானொலியும் போதும். ஆண்டுக்கு 27 நாள் என்ற பிரிட்டன் ரிசர்வ் ராணுவத்தின் வழக்கமான குறைந்தபட்ச அளவோடு கொஞ்சம் கூட்டிக்கொண்டால் எட்டிவிடக்கூடிய வேலை. பனிப்போர் போனதும் அந்த வேலையும் போனது. ஆப்கானிஸ்தானில் உள்ளூர்க் காவலர்களுக்குப் பயிற்சி தரும் பணிக்கு 23-ஐ அனுப்பினார்கள். 2014-ல் இரண்டையும் சிறப்புப் படைத் தலைமையிலிருந்து எடுத்து உளவு, கண்காணிப்பு பிரிகேட் ஒன்றின் கீழ் வைத்தார்கள். சில ஆண்டுகளில் திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். நிலையான வேலை எது என்று சொல்லாத பிரிவுக்கு ஆள் சேர்ப்பது கடினம். அதோடு, சிறப்புப் படைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது பிரிட்டன் அரசின் கொள்கை. அமெரிக்க நேஷனல் கார்டு தன் தகுதி முகாமின் தேதியை ஊரறிய அறிவிக்கும்போது, பிரிட்டன் ரிசர்வ் வீரர் தன் முதலாளியிடம் எந்தப் பிரிவுக்காக விடுப்புக் கேட்கிறேன் என்றே சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கு அழைப்புக் காலத்தில் ஆள் ஒருவருக்கு மாதம் 500 பவுண்டு வரை ஈட்டுத்தொகை தர 2014-ல் வழி செய்தார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் வார இறுதி மலையேற்றங்களால் திங்கட்கிழமை நொண்டி நொண்டி வருபவருக்கு அது பொருந்தாது.

பின்லாந்துக்கு இந்தத் தலைவலி பாதி இல்லை, ஏனென்றால் அங்கே ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு. உட்டி என்ற இடத்தில் 1962-ல் பாராசூட் ஜேகர் பள்ளி, அதாவது பாராசூட் வீரர்களுக்கான பயிற்சிப் பள்ளி, தொடங்கப்பட்டது; இன்று உட்டி ஜேகர் ரெஜிமென்ட் அந்த வேலையைச் செய்கிறது. கட்டாய சேவைக்கு வரும் இளைஞர்களில் விருப்பமுள்ளவர்கள் தனித் தேர்வெழுதி, உடற்சோதனை கொடுத்து, 347 நாள் தொடர்ச்சியாகப் பயிற்சி பெற்று, பின் வீட்டுக்குப் போய் ரிசர்வில் இருக்கிறார்கள். 20 வயதில், கல்யாணமும் வீட்டுக் கடனும் வருவதற்கு முன், ஓராண்டை மொத்தமாக வாங்கிக்கொள்கிறது நாடு. அமெரிக்க ரிசர்வ் வீரர் ஒன்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் செலவிடும் 39 நாட்களின் கூட்டுத்தொகை ஏறக்குறைய இது. முழுநேரச் சிறப்புப் படைக்கான ஆட்களையும் பின்னர் இந்தக் குழுவிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், கற்ற திறன் வீட்டில் இருக்க இருக்கத் துருப்பிடிக்கும். அவ்வப்போது கூப்பிடும் புதுப்பிப்புப் பயிற்சி அதைத் துடைத்துவைக்குமே தவிர, 21 வயதில் இருந்த கூர்மையைத் திரும்பத் தராது. தன் நிலத்தில், தன் காட்டில், தன் பனியில் போரிடும் நாட்டுக்கு இது போதும். கடல் கடந்து அந்நிய மொழி பேசும் படைக்குப் பயிற்சி தரப் போகும் நாட்டுக்குப் போதாது.

நம் ஊரில் இந்தப் பேச்சு எடுத்தால் உடனே தோனி பெயர் வரும். 2011-ல் பிராந்திய ராணுவத்தின் பாராசூட் பட்டாலியன் ஒன்றில் கௌரவ லெப்டினென்ட் கர்னலான அவர், 2015-ல் ஆக்ராவில் குதிப்புப் பயிற்சி முடித்து, 2019-ல் காஷ்மீரில் சுமார் இரண்டு வாரங்கள் பணியாற்றினார். அந்தப் பட்டாலியன் பாராசூட் பிரிவே தவிர, பாரா எஸ்.எஃப். எனப்படும் சிறப்புப் படை அல்ல. ஆகையால் மேற்கண்ட மூன்றோடு அதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூன்றில் எது மேல் என்று கேட்டால், பணியைப் பொறுத்தது என்று நழுவிவிட விரும்பவில்லை. வெளிநாட்டுப் பணிக்கான ரிசர்வைப் பெருக்குவதற்கு அமெரிக்க வழிதான் மேல். ஆனால் அதன் முன்வாசலைவிடப் பக்கவாசல் மதிப்பு மிக்கது. முழுநேரக் குழுமத்தில் பத்தாண்டு இருந்துவிட்டு, குடும்பத்துக்காகவோ படிப்புக்காகவோ வெளியேறும் கிரீன் பெரே வீரர் நேஷனல் கார்டு குழுமத்தில் சேர்ந்தால், அவருக்குத் தேர்வும் தேவையில்லை, ஓராண்டுப் பயிற்சியும் தேவையில்லை. புதியவருக்கு 39 நாளில் கற்பிக்க வேண்டியதை இவர் 39 நாளில் மறக்காமல் இருந்தால் போதும்.

ஆகவே ஒரு புதிய ரிசர்வ் பட்டாலியனுக்குப் பணம் கிடைத்தால், முதல் இரண்டு ஆண்டுகள் வெளியாட்களை எடுக்கவே கூடாது என்பேன். விடைபெறும் வீரர் கையெழுத்திடும் மேசையிலேயே ரிசர்வின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வீரர் எந்த ஊருக்குக் குடிபோகிறார் என்று கேட்டு, அந்த ஊருக்கு இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் கம்பெனியை அமைக்க வேண்டும். அணித் தலைவர்களும் சார்ஜென்ட்களும் அப்படி நிரம்பிய பிறகுதான் மூன்றாம் ஆண்டில் புதியவர்களுக்கான வார இறுதி முகாமைத் திறப்பது. அப்போதும் ஓர் அணிக்கு இரண்டு மூன்று புதியவர்களுக்கு மேல் வேண்டாம். பாராசூட் குதிப்புக்கென்று ஒதுக்கும் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் மாற்றாக இன்னொரு சனிக்கிழமைக்கான சம்பளத்தை முதல் ஆண்டுக் கணக்கிலேயே எழுதிவைக்க வேண்டும்.