ஏடிஏவா, பிஎன்பியா?

டர்பனில் கைக்குழந்தைக்கு ஓயாத சளி, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு என்றால் பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். போடட்டும். குழந்தையின் வளர்ச்சியைக் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எடைக்கோடு படுத்துவிட்டதா என்று நீங்கள் பாருங்கள்.

நோய் எதிர்ப்பைக் குலைக்கும், பரம்பரையாக வரும் இரண்டு அரிய நொதிக் குறைபாடுகள் இப்படித் தலைகாட்டலாம்: ஏடிஏ (அடினோசின் டிஅமினேஸ்) குறைபாடு, பிஎன்பி (பியூரின் நியூக்ளியோசைடு பாஸ்போரிலேஸ்) குறைபாடு. அமெரிக்க ஆய்வாளர் எலோயிஸ் கிப்லெட் குழுவினர் ஏடிஏ குறைபாட்டை 1972இலும் பிஎன்பி குறைபாட்டை 1975இலும் வெளிக்கொண்டு வந்தார்கள்.

ஏடிஏ அவசரக்காரன். பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே நோயை எதிர்க்கும் டி, பி, என்கே வெள்ளணுக்கள் மூன்றும் சரியும். எக்ஸ்ரேயில் தைமஸ் (டி அணுக்கள் முதிரும் நெஞ்சுச் சுரப்பி) நிழல் தெரியாது. விலா முனைகள் கிண்ணம்போல் குழிந்திருக்கலாம்.

பிஎன்பி ஆளை ஏமாற்றும். டி அணுக்கள் குறையும், பி அணுக்கள் பலருக்கு ஒப்பேறும். நடை தாமதம், தசை விறைப்பு, உடலே சிவப்பணுக்களை அழிக்கும் ரத்தசோகை என்று வரும். நரம்பு டாக்டரிடம் ஒரு ஃபைல், ரத்த டாக்டரிடம் இன்னொன்று! இங்கே நான் நம்பும் துப்பு யூரிக் அமிலம். யூரிக் அமிலமாக முடிய வேண்டிய பியூரின் என்ற பொருளின் சிதைவு பாதியில் நிற்பதால் அது அடிமட்டத்துக்குப் போகும். ஏடிஏவில் அப்படி இறங்காது. மலிவான சோதனைதான், ஆனால் கூடினால் பதறுகிற நாம் குறைந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை.

உறுதிசெய்ய, சிவப்பணுவில் நொதியை அளப்பார்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் கொடையாளியின் அணுக்கள் கணக்கைக் குழப்பும், முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: இங்கே பிறந்ததுமே போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, எதிர்ப்பு இல்லாத குழந்தைக்கு அதுவே ஆபத்து. வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால், அடுத்த பிள்ளைக்கு ஊசி போடும் முன்பே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.